பி. வெயிலுமுத்து, சோதனைப் பதிவு

ஜூன் 12, திங்கள்

கம்பெனிப் பையன் ஊருக்குப் போய்விட்டான். எங்கள் கல்லூரி நூலகத்துக்கு மின் களஞ்சியம் என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டு, "இனிமே எல்லாம் நீங்களே பண்ணிக்கலாம் மேடம், ரொம்ப ஈசி" என்றான். ஈசி என்று சொன்னவன் எவனும் கூட இருந்து செய்து கொடுத்து நான் பார்த்ததில்லை.

பதிவுப் படிவங்கள் என் பொறுப்பு. ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டைக் கணினியில் ஏற்றும்போது வரிசையாகக் கட்டங்கள் வரும். ஆசிரியர், தலைப்பு, நெறியாளர், ஆண்டு, சுருக்கம், குறிச்சொற்கள். எந்தக் கட்டம் எங்கே நிற்க வேண்டும், எதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது என்பதையெல்லாம் நான் தீர்மானிக்க வேண்டும். நிரப்பியே தீர வேண்டிய கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் வரும். நான் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டேன்.

நூலகர் ஞானதுரை சார் பின்னால் வந்து நின்று பார்த்தார். "என்னம்மா இது, எங்க பாத்தாலும் செவப்பா இருக்கு. பாதியைக் கொறைங்க. பிள்ளைய பயந்துரும்லா."

"காலியா விட்டா பிறகு எவன் சார் வந்து நிரப்புவான்?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். இருபது வருடமாக என்னோடு வேலை பார்ப்பவர், எந்த இடத்தில் வாதாடக் கூடாது என்று தெரிந்தவர்.

வீட்டில் இட்லி மாவு புளித்துவிட்டது. ஒருத்திக்கு என்று எவ்வளவு குறைத்து அரைத்தாலும் மீந்துதான் போகிறது.

ஜூன் 14, புதன்

படிவத்தின் உள்கோப்பில் ஒரு அடைப்புக்குறியை மூட மறந்ததற்குக் கணினி காலையிலிருந்து வெறும் வெள்ளைத் திரையைக் காட்டியது. என்ன கோபம் என்று சொல்லவும் இல்லை. மாலை நாலு மணிக்குக் கண்டுபிடித்தேன். சாரல் தொடங்கிவிட்டது. மாடித் துணியை எடுக்க வீட்டில் ஆள் இல்லை, நனைந்து கிடந்தது.

ஜூன் 15, வியாழன்

படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சோதனைப் பதிவு போட வேண்டும். கம்பெனிப் பையன் போட்டிருந்ததில் எல்லாம் ஆசிரியர் பெயர் ஏபிசி. தமிழ் எழுத்து ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்க ஒரு தமிழ்ப் பெயர் வேண்டியிருந்தது. வாயில் வந்த பெயரைப் போட்டேன்: பி. வெயிலுமுத்து. தலைப்பு: அஅஅ.

ஏறிவிட்டது. கொம்பு, கால் எதுவும் உடையவில்லை. வெயிலுகந்தம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு இந்தப் பக்கத்தில் வைக்கிற பெயர் இது. இப்போது யாரும் வைப்பதில்லை.

ஜூன் 16, வெள்ளி

அஅஅ என்ற தலைப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை. தலைப்பு நீளமாக இருந்தால் அடுத்த வரிக்கு மடங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும் அல்லவா. அதனால் மாற்றினேன்: "சாரல் காலத்தில் குற்றால மலையடிவார மரங்கள் காய்ப்பதும் பழுப்பதும்." தாவரவியல் துறை. நன்றாக மடங்கியது.

சோதனைத் தொகுதியை வெளியார் கண்ணில் படாமல் மறைத்து வைக்கச் சொல்லியிருந்தான் பையன். அதற்கு ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும். மறந்துவிட்டேன். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 20, செவ்வாய்

தாவரவியலில் ஆய்வு செய்கிற செய்யது பாத்திமா வந்தாள். கடையநல்லூர்ப் பிள்ளை. நான் திட்டாமல் நூலகத்தில் பேச விடுகிற ஒரே ஆள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பாள்.

"அப்படி என்னத்தத்தான் பாக்க?"

"எம்பேரத்தான் மேடம். சும்மா இருக்கும்போது எம்பேரைப் போட்டுத் தேடிப் பாப்பேன். எங்கயாச்சும் வந்திருக்கான்னு."

"ஒனக்குக் கிறுக்கா?"

"எல்லாரும் பாப்பாவ மேடம். வெளிய சொல்ல மாட்டாவ. நீங்க பாத்ததில்லையா?"

நான் பார்த்ததில்லை. அவள் போன பிறகு பார்த்தேன். உலகம்மாள் என்று போட்டால் கோயில்தான் வருகிறது. பிறகு இன்னொரு பெயரையும் போட்டுப் பார்த்தேன். முதல் வரியிலேயே எங்கள் களஞ்சியம் வந்தது. அந்தப் பெயருக்கு இணையத்தில் வேறு ஒன்றுமே இல்லை.

ஜூன் 21, புதன்

மறைக்கும் டிக்கை இன்றும் போடவில்லை. வேலை தலைக்குமேல் இருக்கிறது.

ஆண்டு என்ற கட்டத்தில் 2004 என்று போட்டேன். சும்மா போடவில்லை. தொண்ணூற்றைந்தில் பிளஸ் டூ, பிறகு பி.எஸ்சி., எம்.எஸ்சி., அதற்குப் பிறகு ஆய்வு. இடையில் எங்கும் தங்காமல் படித்திருந்தால் 2004 சரியாக இருக்கும். தங்கியிருக்க மாட்டான்.

ஜூன் 23, வெள்ளி

சுருக்கக் கட்டத்தில் எவ்வளவு எழுத்து கொள்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு பத்தி எழுதினேன்.

"ஐந்தருவி போகும் பாதையில், வளைவுக்கு மேலே, ஒரு பெரிய நாவல் மரம் இருக்கிறது. சாரல் மேற்கிலிருந்து அடிக்கிறது. அதனால் மேற்குப் பக்கக் கிளைகளில் காய்கள் பச்சையாகவே நிற்கும்போது கிழக்குப் பக்கத்தில் பழம் உதிர்ந்து முடிந்துவிடுகிறது. ஒரே மரத்தில் இரண்டு பருவம். இப்படி வேறு எந்தெந்த மரங்கள் பழுக்கின்றன என்பதை இவ்வாய்வு ஆராய்கிறது."

இதைக் கண்டுபிடித்த ஆளுக்கு அப்போது பதினாறு வயது. கால்சட்டைப் பையெல்லாம் ஊதாக் கறையோடு வந்து அடுப்படியில் நின்று சொன்னதை நான் ஒழுங்கான தமிழில் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். அன்றைக்கு அம்மா கறையைப் பற்றித்தான் பேசினாள், மரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தொடர்புக்கு என்ற கட்டத்தில் எங்கள் வீட்டு லேண்ட்லைன் எண்ணைப் போட்டேன். நூலக போன் மழைக்கு அடிக்கடி படுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ரிசீவரைத் தூக்கிப் பார்த்தேன். ஒலி வருகிறது.

ஜூன் 28, புதன்

லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது, வீடு இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்று வாங்கி மாற்றிக்கொள் என்று பக்கத்து வீட்டுப் பூரணத்தக்கா தினமும் சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்கிறாள். அவள் வாய்க்குப் பயந்தே போனேன்.

கிளார்க் சின்னப் பையன். மரியாதையாகத்தான் பேசினான். "வாரிசு ரெண்டு பேர் காட்டிருக்கீங்க. தம்பி வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா இறப்புச் சான்று வைக்கணும். இது ரெண்டும் இல்லாம இந்தக் கட்டத்தைக் காலியா விட்டா எப்படிம்மா?"

"ஆளு ஊர்ல இல்ல."

"எந்த ஊர்ல இருக்காவ?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவன் புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஏழு வருசம் தகவல் இல்லன்னா கோர்ட்ல ஒரு ஆர்டர் வாங்கிரலாம்மா. இறந்ததா எடுத்துக்கிடுவாவ. நெறைய பேரு வாங்குதாவ."

மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படிவத்தில் காலி இடம் விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். எனக்கே ஒருவன் சொல்லிவிட்டான்.

ஜூலை 4, செவ்வாய்

களஞ்சியத்தில் ஒவ்வொரு பதிவையும் எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டுகிற பக்கம் ஒன்று இருக்கிறது. வேலை செய்கிறதா என்று திறந்து பார்த்தேன். மற்ற பதிவுகளுக்குத் தென்காசி மட்டும். அது நான்தான். வெயிலுமுத்து பதிவுக்குத் தென்காசி, கடையநல்லூர், சூரத்.

சூரத் குஜராத்தில் இருக்கிறது. துணி மில்கள் நிறைய உண்டு என்று படித்திருக்கிறேன். தமிழ் ஆட்கள் வேலைக்குப் போகிற ஊர்தான்.

ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 5, புதன்

சூரத்துக்கு எத்தனை ரயில் இருக்கிறது என்று பார்த்தேன். வேறு வேலை இல்லாதவள்.

ஜூலை 12, புதன்

களஞ்சியத் திறப்பு விழா ஆகஸ்ட் 11 என்று முடிவாகிவிட்டது. ஞானதுரை சார் இன்னொரு படிவம் கேட்டார். ஏற்றிய ஆய்வேட்டை ஏதாவது காரணத்தால் திரும்பப் பெற வேண்டியிருந்தால் அதற்கு ஒன்று. பதிவு போய்விடும். ஆனால் அதே முகவரியில் ஒரு அறிவிப்புப் பக்கம் நிற்கும். தேடி வருகிறவன் ஏமாந்து போகாமல், இங்கே ஒன்று இருந்தது, இன்ன காரணத்தால் எடுக்கப்பட்டது என்று அது சொல்லும். ஆள் வீடு மாறிப் போகும்போது கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவதுபோல. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

மூன்று கட்டம் வைத்தேன். காரணம். தொடர்புக்கு. எந்தத் தேதி வரை. மூன்றுக்கும் நட்சத்திரம்.

"தேதிக்கு எதுக்கும்மா நட்சத்திரம்?" என்றார் சார். "சிலது எப்ப திரும்ப வரும்னு சொல்ல முடியாதுல்லா."

"எல்லாத்துக்கும் ஒரு முடிவு தேதி இருக்கணும் சார். அப்படியே தொங்க விட்டா எப்படி?"

"உங்க இஷ்டம்" என்றார்.

ஜூலை 17, திங்கள்

டெல்லியிலிருந்து இணையம் வழியாக ஒரு இயந்திரம் வாரம் ஒருமுறை நாட்டில் உள்ள களஞ்சியங்களுக்கெல்லாம் வந்து, வெளியே தெரிகிற பதிவுகளை அள்ளிக்கொண்டு போய்த் தேசியப் பட்டியலில் சேர்த்துவிடும். இந்த வாரம் எங்களுக்கும் வந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு போனது ஒரே ஒரு பதிவு. மற்றதெல்லாம் இன்னும் ஒப்புதலுக்காகக் காத்திருக்கின்றன.

இப்போதாவது அந்த டிக்கைப் போட்டிருக்க வேண்டும். மாறாகத் தேசியப் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பெயருக்குப் பக்கத்தில் முனைவர் என்று அவர்களாகவே சேர்த்திருந்தார்கள்.

ஜூலை 25, செவ்வாய்

சூரத் மறுபடியும். இந்த முறை பதிவைத் திறந்தது மட்டும் இல்லை, கோப்பை இறக்கவும் முயன்றிருக்கிறார்கள். கோப்பு என்று நான் ஏற்றியிருந்தது ஒரு வெற்றுத்தாள்.

இரவு லேண்ட்லைன் அடித்தது. கையெல்லாம் மாவோடு ஓடிப் போய் எடுத்தேன். அதிவேக இணைய இணைப்பு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம் என்று உடனே வைக்காமல், எந்த ஊரிலிருந்து பேசுகிறாய் அம்மா என்று விசாரித்தேன். சென்னை என்றாள். ரிசீவரைத் துடைத்து வைத்தேன்.

ஜூலை 26, புதன்

பூரணத்தக்கா கேட்டாள், "ஏ உலகம்மா, நேத்து ஒங்க வீட்டு போன் அடிச்சுதே, யாரு?" அந்த போன் அடித்தால் தெருவுக்கே செய்தி. ஒன்றுமில்லை என்றேன். அவளும் மேலே கேட்கவில்லை. அவளுக்கும் அவனைத் தெரியும், இடுப்பில் தூக்கி வைத்திருந்தவள்.

ஆகஸ்ட் 2, புதன்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

மத்தியானம் செய்யது பாத்திமா வந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவளுடைய ஆய்வுக் குழு நேற்றுக் கூடியிருக்கிறது. முன்னோர் செய்த ஆய்வுகளைப் பற்றிய அத்தியாயத்தில் அவள் ஒருவரைக் குறிப்பிட்டிருக்கிறாள்: வெயிலுமுத்து, 2004. ஒரு நிபுணர் அந்த ஆய்வேட்டைக் கொண்டு வா பார்ப்போம் என்றிருக்கிறார். துறையில் யாரும் அப்படி ஒரு ஆளைக் கேள்விப்பட்டதில்லை. நெறியாளர் என்று நான் போட்டிருந்த பெயரும் எங்கும் இல்லை. நீயே ஒரு ஆளை உண்டாக்கி எழுதிவிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நகல் கொடுக்காவிட்டால் நடவடிக்கை என்றும் சொல்லிவிட்டார்களாம்.

"நம்ம லைப்ரரில இருக்குல்லா மேடம். ஃபைலத் தொறந்தா வெள்ளையா வருது. அச்சுப் பிரதி இருக்கா? தேடிப் பாருங்களேன்."

நான் என்ன செய்தேன் என்றால், "தேடிப் பாக்கேன்" என்றேன். அலமாரி வரிசைக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன். அவள் என் மேசைக்கு எதிரே காத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

சத்தமில்லாமல் பதிவை அழித்துவிடலாம். நான் தப்பித்துவிடுவேன். அவள் பொய்க்காரி ஆகிவிடுவாள். சொல்லிவிட்டால் அவள் தப்பிப்பாள், பதிவை எடுத்தாக வேண்டும். சூரத்தில் இருப்பவன் அடுத்த முறை வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, வியாழன்

சாரிடம் சொன்னேன். அது சோதனைப் பதிவு, நான் போட்டது, மறைக்காமல் விட்டதும் நான்தான் என்று.

அவர் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மெதுவாகப் படித்தார். சுருக்கத்தையும் முழுக்கப் படித்தார்.

"தொடர்பு எண்ணு உங்க வீட்டு நம்பர்லா."

"ஆமா சார்."

"இனிஷியலும் உங்க இனிஷியல்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருன்னு நான் கேக்கல. அந்தப் பிள்ளைக்கு லெட்டர் கொடுத்துருவோம், தப்பு லைப்ரரி மேலதான்னு. ஆனா மெமோ கொடுக்காம என்னால இருக்க முடியாதும்மா, கமிட்டி வரைக்கும் போயிட்டு. திறப்பு விழாவுக்கு முந்தி எடுத்துருங்க."

மெமோவை அவரே தட்டச்சு செய்தார். என்னைச் செய்யச் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

செய்யது பாத்திமா கடிதத்தை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். உட்காரவில்லை.

"எனக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல. எங்க அம்மா சோறு திங்கல. நீங்க முந்தாநேத்தே சொல்லிருக்கலாம்லா மேடம். அலமாரியில போய்த் தேடுத மாதிரி நின்னீயளே."

"தப்புதான்."

"படிக்காம மேற்கோள் காட்டுனது எந்தப்பு. அதுக்குக் கமிட்டில நல்லா வாங்கிக்கிட்டேன். ஆனா எவ்வளவு அலைஞ்சேன் தெரியுமா? ஃபைலு வெள்ளையா வந்ததும் நெட்டுதான் சரியில்லன்னு நெனச்சு, சூரத்துல இருக்க எங்க அண்ணனுக்கு லிங்க அனுப்பி, அவனை வேற ரெண்டு தடவ தொறந்து பாக்கச் சொன்னேன்."

அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். எனக்குக் காது கேட்டது, ஒன்றும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே நிறுத்திவிட்டு, "மேடம், தண்ணி வேணுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். பிறகு குடித்தேன்.

"யாரு மேடம் அது?"

"எந்தம்பி."

இந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. தாலுகா ஆபீசில்கூட ஆளு என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு மற்றதும் வந்துவிட்டது. அப்போதெல்லாம் பிளஸ் டூ ரிசல்ட் மாலைப் பத்திரிகையில் வரும். தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் மட்டும் பொடிப்பொடியாக அடித்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் அடித்துப் பிடித்து வாங்கி வந்தான். வாசற்படியில் உட்கார்ந்து விரலை வைத்துத் தேடினான். நானும் தேடினேன். அவனுக்கு முந்தின எண் இருந்தது, பிந்தின எண் இருந்தது. அவன் எண் இல்லை. பத்திரிகையை ஒழுங்காக மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "கடை வரைக்கும் போயிட்டு வாரேன்க்கா" என்று சைக்கிளை எடுத்தான். சைக்கிள் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கிடைத்தது.

"பெயில்னு போனாவளா?"

"பெயில் இல்ல, பாத்திமா. பாஸு. ரெண்டு நாள் கழிச்சு ஸ்கூல் போர்டுல போட்டிருந்தாவ. நல்ல மார்க்கு. பேப்பர்ல அச்சடிக்கும்போது அந்த ஒரு எண்ணு விட்டுப்போச்சு."

அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா விளம்பரம் கொடுத்தார். காணவில்லை என்று போட்டோவோடு. வலது புருவத்தில் தழும்பு, கடைசியாக அணிந்திருந்தது பச்சைக் கட்டம் போட்ட சட்டை. கீழே, "வெயிலுமுத்து, நீ பாஸ். உடனே வரவும். யாரும் திட்டமாட்டோம்." வருடா வருடம் ஜூன் மாதம் கொடுப்பார். லேண்ட்லைன் வந்த பிறகு அந்த எண்ணையும் சேர்த்தார். அவர் போனதும் அதுவும் நின்றுவிட்டது. அவன் பார்த்தானோ இல்லையோ. பார்த்திருந்தால் வந்திருப்பான் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். எனக்கு வேறொன்றும் வேண்டாம். வராவிட்டாலும் போகட்டும், எங்கேயோ ஒரு ஊரில் தன்னைப் பெயில் என்று நினைத்துக்கொண்டே கிழவனாகிக்கொண்டிருக்கிறானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

செய்யது பாத்திமா அழவில்லை. போகும்போது நின்று சொன்னாள். "அந்த நாவல் மரத்தப் போய்ப் பாத்தேன் மேடம். ஜூலையில. வளைவுக்கு மேலதான் நிக்கி. மேக்க காயி, கெழக்க பழம் முடிஞ்சிட்டு. உங்க தம்பி சொன்னது சரி. பாத்த பெறவுதான் எழுதுனேன்."

மரம் இன்னும் இருக்கிறதா என்று நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. தென்காசியிலேயே இருந்துகொண்டு.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஐந்தருவிக்குப் போகலாம் என்று கிளம்பி, செருப்புப் போட்டு, பூட்டை எடுத்தேன். போன் அடித்தால் யார் எடுப்பார்கள் என்று திரும்பிவிட்டேன். மாலை வரை அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

ஏபிசி பதிவுகளை எல்லாம் அழித்தேன். அவற்றுக்கு அறிவிப்பு எதுவும் தேவையில்லை, நேராகக் குப்பை. ஒன்று மிச்சம்.

ஆகஸ்ட் 9, புதன்

நாளைக்கு எடுக்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். சரிம்மா என்றார்.

ஆகஸ்ட் 10, வியாழன்

விழாவுக்குச் சாமியானா கட்டுகிறவர்கள் சத்தம். எல்லாரும் கீழே இருந்தார்கள், மேலே நான் மட்டும்.

வெயிலுமுத்து பதிவில் அழி என்றும் இருக்கிறது, திரும்பப் பெறு என்றும் இருக்கிறது. அழித்தால் சுவடே இருக்காது. திரும்பப் பெறு என்பதை அழுத்தினேன். நானே செய்த படிவம் வந்து நின்றது.

காரணம். சோதனைப் பதிவு என்று எழுதச் சொல்லியிருந்தார் சார். எழுதினேன். அதற்குக் கீழே இடம் இருந்தது. மேலும் எழுதினேன்.

"இந்தப் பெயரில் ஆய்வேடு எதுவும் இல்லை. தென்காசி பி. வெயிலுமுத்து 1995ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்வில் தேர்ச்சி பெற்றார். பத்திரிகையில் அவருடைய எண் விடுபட்டுவிட்டது. நாவல் மரத்தைப் பற்றி அவர் சொன்னது சரி என்று தெரியவந்துள்ளது."

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் நான் எழுதியதெல்லாம் பொய். இதில் பொய் எதுவும் இல்லை. சார் படித்தால் இன்னொரு மெமோ கொடுப்பார். கொடுக்கட்டும், வாங்கிக்கொள்கிறேன்.

தொடர்புக்கு: வீட்டு எண்.

சமர்ப்பி என்பதை அழுத்தினேன். போகவில்லை. மூன்றாவது கட்டம் சிவந்து நின்றது. எந்தத் தேதி வரை?

என்ன தேதி போடுவது. அடுத்த ஜூன் என்று போட்டுப் பார்த்தேன், அழித்தேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெறும் தேதியைப் போட்டேன், அதையும் அழித்தேன். காலியாக விட்டு அழுத்தினேன். இந்த இடத்தை நிரப்பாமல் மேலே செல்ல முடியாது என்றது. அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

படிவத்தின் உள்கோப்பைத் திறந்தேன். அந்த ஒரு கட்டத்துக்கு மட்டும் நட்சத்திரத்தை எடுத்தேன். அடைப்புக்குறியை ஒழுங்காக மூடினேன். திரும்ப வந்து, தேதியைக் காலியாக விட்டு, சமர்ப்பித்தேன்.

போய்விட்டது.